மேட்டுப் பக்கம், ஓகே!

என் தம்பி மாரிசெல்வம் இரண்டு வருடத்தில் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் நேராகக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் படகுல கால் வெளங்காதவன ஏத்துவாங்களாக்கா?" என்றான்.

நான் ஈரத் துணியோடு நின்றிருந்தேன். அன்றுதான் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன முதல் ஞாயிறு. ஏரியில் மூன்று தடவை கவிழ்ந்துவிட்டு, தலையில் பாசியோடு ரூமுக்கு வந்து, நடந்ததை எல்லாம் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே இந்தக் கேள்வி.

"ஏத்தாம எங்க போவாங்க? நான் ஏத்த வைக்கேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் முந்திக்கொள்ளும். யோசனை பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். இங்கே ஒரகடத்தில் ஒற்றை ரூம். அம்மா ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைக்கிறாள். நான் காருக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் லைனில் நிற்கிறேன். மாரி ஐ.டி.ஐ. முடித்துவிட்டு என் பின்னாலேயே வேலைக்கு வந்தவன். வந்த கொஞ்ச நாளில், இரண்டு வருடத்துக்கு முன்னால், பைக்கில் போகும்போது லாரி தட்டியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன; வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் வாசல் தாண்ட மாட்டான். கூட வேலை பார்த்த பையன்கள் பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். அப்படிப்பட்டவன் வெளியே வர ஒரு வழி கேட்கிறான் என்றால் விடுவேனா?

படகை இங்கே கொண்டுவந்தது சென்னையிலிருந்து வந்த ஒரு அமைப்பு. பாய்மரப் படகு ஒன்றை வண்டியில் கட்டி இழுத்துவந்து, பிள்ளைப்பாக்கம் பக்கத்து ஏரி ஒன்றில் இறக்கியிருந்தார்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் இளவட்டங்களுக்கு மட்டும், மூன்று ஞாயிற்றுக்கிழமை, இலவசமாகச் சொல்லிக்கொடுப்பார்களாம். கம்பெனி ஹெச்.ஆர். வந்து சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரம் முழுக்க லைனில் நின்று, வீட்டில் அவனைத் தூக்கி, திருப்பி, துடைத்து, அதற்குப் பிறகு கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தூங்காமல் ஏரியில் போய் நனைய வேண்டுமா? போய்த்தான் தீர வேண்டும் என்று நச்சரித்து அனுப்பியவன் மாரிதான்.

படகுக்கு மூன்று பேர். நான், வேல்ராஜ் அண்ணன், ரஞ்சனி. வேல்ராஜ் அண்ணன் சங்கரன்கோவில்காரர், எங்கள் கம்பெனியிலேயே மெயின்டெனன்ஸில் இருக்கிறார். அவருடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவருக்கு இன்னொரு வேலை. ரஞ்சனி பிள்ளைப்பாக்கத்துப் பெண். போன் கம்பெனியில் வேலை. அவள் அம்மாவுக்கு வாதத்தில் விரல்கள் மடங்கிவிட்டன. தலை வாரிவிடுவதிலிருந்து சோறு ஊட்டுவது வரை அவள்தான். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஷாரோன், ராயபுரத்துப் பெண். என்னைவிட நாலு வயது மூத்தவராக இருந்தால் அதிகம். தொண்டை மட்டும் துறைமுகத்துச் சங்கு.

"மொதல்ல உங்களப் பத்தி சொல்லுங்க" என்றார் ஷாரோன்.

"எங்கப்பாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்" என்று ஆரம்பித்தார் வேல்ராஜ் அண்ணன். "எங்கம்மாவுக்குக் காலைல வெரல நீட்டவே முடியாது" என்றாள் ரஞ்சனி. நான் மாரிக்கு முதுகுப் புண் ஆறிய கதையை எடுத்தேன். ஷாரோன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அவங்களப் பத்தி இல்லப்பா. உங்களப் பத்தி."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் ரஞ்சனிதான், "எனக்கு பரோட்டா புடிக்கும்" என்று மானத்தைக் காப்பாற்றினாள்.

பாய்மரப் படகில் காற்று பாயைத் தள்ளும். தள்ளும்போது படகு ஒரு பக்கமாகச் சாயும். ஒரு விளிம்பு மேலே எழும்பும், மறு விளிம்பு தண்ணீரைத் தொடும். எழும்பியதை மேட்டுப் பக்கம் என்றும் தாழ்ந்ததைப் பள்ளப் பக்கம் என்றும் நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். சாய்ந்ததும் எல்லோரும் மேட்டுப் பக்கம் ஏறி உட்கார்ந்து, முதுகை வெளியே தொங்கப்போட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. எங்களுக்கு அது உடனே புரிந்துவிட்டது. எங்கள் உடம்புக்குத்தான் புரியவில்லை.

படகைத் திருப்பும் சுக்கானை ரஞ்சனி பிடித்திருந்தாள். காற்று ஓங்கி ஒரு அடி அடித்தது. படகு சாய, அவள் சறுக்கிப் பள்ளப் பக்கம் போனாள். "ஐயோ, புள்ள!" என்று நானும் வேல்ராஜ் அண்ணனும் ஒரே நேரத்தில் பாய்ந்து அவளைத் தாங்கிப் பிடித்தோம். மூன்று பேர் பாரமும் ஒரே பக்கம். படகு எங்களை அலுங்காமல் ஏரிக்குள் கொட்டியது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மிதந்தோம். மிதந்தபடியே வேல்ராஜ் அண்ணன் ரஞ்சனியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நான் அவள் தலை நனைந்துவிட்டதே என்று, தண்ணீர் சொட்டும் என் துப்பட்டாவால் துவட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களோடு சேர்ந்து தண்ணீரில் விழுந்திருந்த ஷாரோன் தலையில் அடித்துக்கொண்டார். "நானும் எத்தினியோ பேருக்குக் கத்துக் குடுத்துகீறேன். ஒருத்தன் வுழுந்தா மத்தவன் பயந்துகினு எதிர்ப்பக்கம் ஓடுவான், படகு தானா நிமிந்துக்கும். நீங்க இன்னாடான்னா வுழறவன் மேலயே போய் வுழறீங்க!"

இரண்டாவது ஞாயிறு போனதுமே அவரிடம் தம்பி விஷயத்தைக் கேட்டேன். முடியாது என்று சொன்னால் என்னவெல்லாம் பேச வேண்டும் என்று வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"தாராளமா ஏத்தலாம். கைல பலம் கீதுல்ல? போதும். ஆனா நீங்க ஓட்டற படகுல ஏத்த மாட்டேன். நீங்க கவுக்கற பார்ட்டி." பிறகு எதிர்க்கரையைக் காட்டினார். "அடுத்த ஞாயிறு உங்களுக்குக் கடைசி. நான் படகுல ஏற மாட்டேன், பக்கத்துல மோட்டார் போட்ல வருவேன். மூணு பேரும் கவுக்காம அந்தக் கரைக்குப் போங்க. தம்பிய அங்க வந்து இருக்கச் சொல்லு. நனையாம போய்ச் சேந்தீங்கன்னா, திரும்பி வரப்போ அவனையும் ஏத்திகினு வரலாம். ஒரு தபா கவுந்தாலும் கெடையாது. அப்புறம் வேற பேட்ச் வந்துடும்."

அன்றைக்கும் கவிழ்ந்தோம். இந்த முறை சறுக்கியது வேல்ராஜ் அண்ணன். தாங்கப் போனது நாங்கள் இரண்டு பெண்கள். கரையேறியதும் நான் ஷாரோனிடம் சண்டைக்குப் போனேன்.

"விழுதவர விட்டுட்டு எதிர்ப்பக்கம் போய் உக்காருன்னா எப்படி மேடம்? நாங்க மனுசங்கதான?"

"நீ அவரப் புடிச்சா ரெண்டு பேரும் வுழுவீங்க. நீ எதிர்ப்பக்கம் சாஞ்சா படகு நிமிரும், அவரே எழுந்துப்பாரு. அவ்ளோதான் மேட்டரு."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மாரி லேசாக முனகினாலே என் கை தானாக அவனிடம் போய்விடும். இரண்டு வருடமாக அப்படிப் பழகிய கையை எப்படி எதிர்ப்பக்கம் திருப்புவது? அவனிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவன் அதற்குள் அம்மாவிடம் சொல்லிப் பொங்கல் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டான். இந்த முறை கைவிட்டால் இன்னொரு முறை வாய் திறந்து எதையும் கேட்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

வழி கண்டுபிடித்தவர் வேல்ராஜ் அண்ணன். எங்கள் கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி போகிற பாதையைச் சும்மா கடந்துவிடக் கூடாது. நின்று, வலது பக்கம் கை நீட்டி "வலது ஓகே", இடது பக்கம் கை நீட்டி "இடது ஓகே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். ஜப்பான்காரர்கள் பழக்கிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அப்புறம் ஊருக்குப் போனால் மெயின் ரோட்டைக்கூட அப்படித்தான் கடப்பார்கள்.

"யோசிச்சா கை பழகுன பக்கந்தான் போகும் செல்வி" என்றார் அவர். "அதனால யோசிக்கவே கூடாது. காத்து அடிச்சா மேட்டுப் பக்கம் கைய நீட்டிச் சத்தம் போடுவோம். கை போன பக்கம் ஒடம்பு போயிரும்."

"எங்க கம்பெனிலயும் இதே கததாண்ணா" என்றாள் ரஞ்சனி. "தெனம் பண்ணிகினுதான் கீறோம்."

அந்த வாரம் முழுக்கப் பயிற்சி. கம்பெனி பஸ் வளைவில் சாயும்போதெல்லாம் நானும் வேல்ராஜ் அண்ணனும் எதிர்ப்பக்கம் கை நீட்டி, "மேட்டுப் பக்கம், ஓகே!" என்று கத்தினோம். முதல் நாள் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வார முடிவில் பின் சீட்டுப் பையன்களும் சேர்ந்து கத்தினார்கள். டிரைவர் அண்ணன் வேண்டுமென்றே வளைத்து ஓட்டினார்.

மூன்றாவது ஞாயிறு வந்தபோது பொங்கல் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏரி நிறைந்து தளும்பியது. வாடைக்காற்று பக்கவாட்டில் அடித்தது. பக்கவாட்டுக் காற்றுதான் நல்லது, போகவும் வரவும் அது ஒன்றே போதும் என்றார் ஷாரோன். ரஞ்சனியின் அப்பா தசரதன் தன் குட்டி யானை லோடு வண்டியில் மாரியைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி, நாலு பக்கமும் கயிறு கட்டி, சுற்றுப்பாதையில் எதிர்க்கரைக்குக் கொண்டுபோனார். இஸ்திரி சட்டை, முகத்தில் பவுடர் என்று அவன் வீதியுலா போகிற சாமி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"கவுத்துராதக்கா" என்றான் போகும்போது.

"வாய மூடுலே" என்றேன்.

ரஞ்சனி சுக்கான், வேல்ராஜ் அண்ணன் பெரிய பாயின் கயிறு, நான் முன்னால் இருக்கிற சின்னப் பாயின் கயிறு. பாதி ஏரி வரை வெண்ணெய் மாதிரி போனோம். அப்புறம் தூரத்தில் தண்ணீர் கருத்துச் சிலிர்த்தது. அது காற்று வருவதற்கான அடையாளம். வந்து அடித்தது. படகு சாய்ந்தது. ரஞ்சனி சறுக்கினாள். என் தோள் அவள் பக்கம் திரும்பியேவிட்டது. ஆனால் பஸ்ஸில் பழகிய கை அதற்கு முன்பே எதிர்ப்பக்கம் நீண்டிருந்தது.

"மேட்டுப் பக்கம், ஓகே!"

நானும் வேல்ராஜ் அண்ணனும் முதுகை வெளியே தொங்கப்போட்டோம். படகு முனகிக்கொண்டு நிமிர்ந்தது. ரஞ்சனி சுக்கானை விடாமல் தானே ஏறி வந்து உட்கார்ந்தாள். "ஒருத்தர் கூடப் புடிக்கல, சூப்பர்ணா!" என்று ஏதோ உபகாரம் செய்துவிட்ட மாதிரி எங்களுக்கு நன்றி சொன்னாள். மோட்டார் படகில் ஷாரோன் எழுந்து நின்று விசில் அடித்தார். எதிர்க்கரையில் நனையாத துணியோடு இறங்கியபோது மாரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தட்டினான். இரண்டு வருடத்தில் அவன் ஆசைப்பட்டது நடக்கப்போகிறது என்று நினைத்ததும் எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தும்விட்டேன்.

வேல்ராஜ் அண்ணனும் தசரதனும் அவனைத் தூக்கிப் படகின் நடுவில் ஒரு மெத்தைத் துண்டின் மேல் உட்காரவைத்தார்கள். லைஃப் ஜாக்கெட்டை நான் மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு துப்பட்டாவை எடுத்து அவன் இடுப்பைப் படகோடு கட்டப்போனேன். ஷாரோன் கத்தினார்.

"ஏய்! கட்டாத! கவுந்தா படகோடவே போய்டுவான். வெறுமனே வுடு, மெதப்பான்."

"அவளுக்கு என்னையக் கட்டிப் போடணும் மேடம். அதுதான் ஆச" என்றான் மாரி. பிறகு என்னைப் பார்த்தான். "எனக்கும் ஒரு வேல குடு. சும்மா வர நான் என்ன மூட்டையா?"

என் கயிறு அவன் கைக்குப் போனது. மூட்டை நானாகிவிட்டேன். மேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டு வந்தேன். கயிற்றை இழுத்தால் பாய் விறைக்கிறது, விட்டால் படபடக்கிறது என்பதை அவன் தானே கண்டுபிடித்துவிட்டு, இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்து மீனம்பாக்கம் பக்கம் போனது. கரைக்கு அப்பால் கம்பெனிகளின் நீலக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றில் ஒன்றில்தான் அவன் வேலை பார்த்தான். அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கயிற்றை இன்னும் இறுக்கினான்.

அப்போது வந்தது, அன்றைய காற்றிலேயே பெரிய காற்று. படகு செங்குத்தாக நிற்கப்போவது போலச் சாய்ந்தது. மெத்தைத் துண்டோடு மாரி சறுக்கிப் பள்ளப் பக்கம் போய் மோதினான். அவன் முழங்கை வரை தண்ணீர். வேல்ராஜ் அண்ணன் பாய்க் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே மேலே ஏறினார். ரஞ்சனி ஏறினாள். என் கை மட்டும் கீழே போய்விட்டது. விரல் நுனியில் அவன் ஜாக்கெட் பட்டை பட்டது. இன்னும் ஒரு நொடி இருந்தால் பிடித்திருப்பேன்.

"தொடாத! மேட்டுப் பக்கம் போக்கா!" என்று கத்தியது அவன்தான்.

கையை உருவிக்கொண்டு வெளியே சாய்ந்தேன். தலை தண்ணீருக்கு மேல் தொங்கியது. அங்கிருந்து பார்த்தால் வானமும் பாயும்தான் தெரிந்தன, அவன் தெரியவில்லை. அவன் விழுந்துகொண்டிருக்க நான் அவனைப் பார்க்காமல் இருந்தேன். அவன் அடிபட்ட அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டு முதுகை இன்னும் இறக்கினேன்.

படகு நிமிர்ந்தது. அதோடு ஒரு ஊளைச் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தேன். மாரி நடுப்பலகையைக் கையால் பற்றித் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்திருந்தான். கயிற்றை விடவில்லை, பல்லில் கடித்திருந்தான். கடித்தபடியே ஊளையிட்டுச் சிரித்தான். பவுடர் எல்லாம் வழிந்து மூஞ்சி கோரமாக இருந்தது. அந்த மூஞ்சியை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை.

"இன்னொரு காத்து வராதாக்கா?" என்றான் கயிற்றைத் துப்பிவிட்டு.

மீதி ஏரியை நாலு பேரும் கத்திக்கொண்டேதான் கடந்தோம். காற்று வராதபோதும் "மேட்டுப் பக்கம், ஓகே!" என்று கத்தினோம். தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மீன் ஓடுகிறது என்று எங்களைத் திட்டினார்கள். அதற்கும் ஓகே என்றோம்.

கரையில் ரஞ்சனி கட்டிவந்த புளிசோற்றைச் சுற்றி உட்கார்ந்தோம். ஷாரோன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "அடுத்த வாரத்துப் பேட்ச்ல ஒரு ஆள் கம்மியா கீது. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் கீறாங்களா? வூட்ல யாரையாச்சும் பாத்துக்கறவங்களா இருக்கணும்."

"நான் வாரேன் மேடம்" என்றான் மாரி.

ஷாரோன் தயங்கினார். "இது பாத்துக்கறவங்களுக்குப்பா. உனக்கு நான் வேற ஏற்பாடு பண்றேன்."

"நானும் பாத்துக்கிடுதவன்தான்."

"யாரப் பாத்துக்கற?"

"இவளத்தான்" என்றான், என் பக்கம் தலையை ஆட்டி.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அலாரம் அடிச்சா அமத்திட்டுத் தூங்கிருவா, நாந்தான் கத்தி எழுப்பணும். டிரைவர் அண்ணனுக்குத் தெனம் போன் போட்டு, 'ரெண்டு நிமிசம் நில்லுங்கண்ணே, அக்கா எறங்கிட்டா'ன்னு சொல்லணும். சூப்பர்வைசர்ட்ட சண்ட போட்டுட்டு வந்தா முழுக் கதையும் கேக்கணும். கேக்கலைன்னா சாப்பிட மாட்டா. நான் தூங்குத மாதிரி நடிச்சாத்தான் அவ படுப்பா. இங்க அனுப்பி வைக்கதுக்கு எத்தன நாள் சண்ட தெரியுமா? ஓவர்டைம், வீடு, ஓவர்டைம், வீடுன்னு இருந்தா கிறுக்குப் பிடிச்சிரும்லா மேடம் அவளுக்கு?"

பஸ் எனக்காக நிற்பது என் வாய்க்குப் பயந்துதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் கண்ணில் தண்ணீர் முந்திக்கொண்டது.

"நெசமாவா?" என்று ஷாரோன் என்னைக் கேட்டார்.

"நெசந்தான் மேடம்" என்றேன். "அவன்தான் என்னையப் பாத்துக்கிடுதான்."

"அப்ப ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு வந்துடு. யாரு இட்டுகினு வருவாங்க?"

நான் கையைத் தூக்குவதற்குள் தசரதன், "என் வண்டி கீதும்மா" என்றுவிட்டார். மாரி என் பக்கம் திரும்பி, "நீ தூங்கு" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்பிப் போனதுகூடத் தெரியாமல் தூங்கினேன். கண் விழித்தபோது ரூமில் வெயில் அடித்தது. அம்மா மெஸ்ஸுக்குப் போயிருந்தாள். அவன் கட்டில் காலியாக இருந்தது. பதறி எழுந்து போனை எடுத்தால், அவனுடைய வாட்ஸ்அப் வந்து கிடந்தது.

"கவுந்துட்டோம்க்கா. செம ஜாலி. நீ சாப்பிட்டியா?"

இல்லை என்று உண்மையைப் போட்டேன். உடனே போன் அடித்தது, என்னைத் திட்டுவதற்கு.